எரேஷர் கோடிங்: "அழிப்புக் குறியாக்கம்" வேண்டாமே

வணக்கம் நண்பர்களே,

நாலு சர்வர்ல ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜ் (ஒவ்வொரு ஃபைலையும் ஒரு பேரோட முழுசா வச்சு எடுக்கிற சேமிப்பு முறை) நிறுவுறதுக்கு தமிழ்ல ஒரு கையேடு எழுதிட்டிருக்கேன், அதுல "எரேஷர் கோடிங்" வர்ற இடத்துல எல்லாம் போன மடல்ல நீங்க சொன்ன "அழிப்புக் குறியாக்கம்" போட்டுப் பாத்தேன். கூட வேலை பாக்குற ஒருத்தர் படிச்சிட்டு கேட்ட முதல் கேள்வி: "இத ஆன் பண்ணா பழைய டேட்டா அழிஞ்சிடுமா?" அவர் மேல தப்பு இல்ல. அழிப்புன்னா நாமளே அழிக்கிறது, குறியாக்கம்னா பாதி பேருக்கு பாஸ்வேர்ட் போட்டு மறைக்கிறதுன்னுதான் ஞாபகம் வரும், ரெண்டும் சேந்தா நேர் எதிர் அர்த்தம் வந்துடுது.

பேர் வைக்கிறதுக்கு முன்னாடி அது என்ன பண்ணுதுன்னு பாத்துடலாம். மினியோல (MinIO, நான் நிறுவுற ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜ் மென்பொருள்) நாலு சர்வர், சர்வருக்கு நாலு டிஸ்க், ஆக 16. பாரிட்டி (உபரித் துண்டு) 4னு வச்சா, ஒரு ஃபைல 12 துண்டா வெட்டி, அதுலேருந்து கணக்குப் போட்டு இன்னும் 4 துண்டு செஞ்சு, டிஸ்குக்கு ஒண்ணா வச்சிடும். பதினாறுல எந்த 12 கெடச்சாலும் முழு ஃபைலும் திரும்ப வந்துடும். ரெண்டு புள்ளி தெரிஞ்சா கோடு போட்டுடலாம்ல, கோடு தெரிஞ்சா அதுமேல எத்தன புள்ளி வேணாலும் எடுக்கலாம், அதே கதைதான், இங்க 12 புள்ளி வேணும். 1960ல ரீடும் சாலமனும் எழுதினது, சிடி, க்யூஆர் கோடு எல்லாத்துலயும் இதுதான் ஓடுது. மூணு நகல் வச்சா வாங்கின இடத்துல மூணுல ஒரு பங்குதான் நமக்கு, ரெண்டு டிஸ்க் போனா தாங்கும். இதுல 75 சதவீதம் நமக்கு, நாலு டிஸ்க் போனாலும் தாங்கும், அதாவது ஒரு சர்வரே படுத்தாலும் வேலை நிக்காது (அதுக்கப்புறம் அஞ்சாவதா ஒண்ணு போச்சுன்னா அவ்ளோதான்).

இப்ப "எரேஷர்"ங்கிற வார்த்தைக்கு வர்றேன். பழைய ஏட்டுச்சுவடிய நெனச்சுக்கோங்க. செல்லரிச்ச இடத்துல எழுத்து இல்லைன்னு கண்ணுக்கே தெரியும். ஏடு எழுதினவர் தப்பா எழுதியிருந்தா, எந்த இடத்துல தப்புன்னே தெரியாது. முன்னது எரேஷர், பின்னது எரர். உபரியா 4 துண்டு இருந்தா எரேஷர் நாலு சரி பண்ணலாம், எரர்னா ரெண்டுதான். அதனாலதான் ஒவ்வொரு துண்டுக்கும் செக்சம் (துண்டு மாறியிருக்கான்னு கண்டுபிடிக்கிற சரிபார்ப்பு எண்) சேத்து வைக்கிறாங்க, டிஸ்க் சத்தமில்லாம கெடுத்து வச்ச துண்டு செக்சம்ல மாட்டிக்கும், அத தூக்கிப் போட்டுட்டா எரர் எரேஷராயிடும். ஆக எரேஷர்க்கு "இழப்பு"தான் சரி, அழிப்பு இல்ல.

"இழப்பீட்டுக் குறிமுறை"ன்னு ஒரு யோசனை வந்துச்சு. கேக்க நல்லா இருக்கு, ஆனா இன்சூரன்ஸ் ஆபீஸ் வாசல்ல நிக்கிற மாதிரி இருக்கு. அதுல இழப்ப விட்டுட்டு ஈட மட்டும் எடுத்துப்போம். போனத ஈடுகட்டுறதுதானே வேலையே. ஈட்டுக் குறிமுறை. பாரிட்டி துண்டு ஈட்டுத் துண்டு, மத்தது தரவுத் துண்டு. பாரிட்டிய சமநிலைன்னு எழுதினா இங்க எதுவும் சமமா இல்லையேன்னு படிக்கிறவங்க முழிப்பாங்க. ஈடுன்னா அடமானம்னும் அர்த்தம் உண்டுதான், ஆனா துண்டோட சேந்து வரும்போது யாரும் கொழம்ப மாட்டாங்கன்னு நெனைக்கிறேன்.

ஃபால்ட் டாலரன்ஸுக்கு (ஒரு பாகம் கெட்டாலும் வேலை நிக்காம ஓடுறது) "வழுவமைதி" சொன்னவருக்கு ஒரு கும்பிடு, படிச்சதும் ஆசையாத்தான் இருந்துச்சு. ஆனா இலக்கணத்துல மாட்டப் பாத்து "என் அம்மை வந்தாள்"னு சொன்னா அது வழுதான், இருந்தாலும் ஒரு காரணத்தோட ஏத்துக்கிறோம். இங்க செத்த டிஸ்க யாரும் ஏத்துக்கல, மாத்துற வரைக்கும் சமாளிக்கிறோம். "பழுது தாங்கும்" போதும், சொன்ன உடனே புரியுது.

கோரம் (quorum) பத்தி: எழுதுறதுக்கு குறைஞ்சது எத்தன டிஸ்க் உயிரோட இருக்கணும்ங்கிற கணக்கு அது. "டிஸ்க் கோரமா இருக்கு"ன்னு எழுதி ஒருத்தர பயமுறுத்த எனக்கு மனசில்ல, "குறைவெண்" ஏற்கெனவே கூட்டங்களுக்குப் புழங்குற சொல், அதையே எடுத்துக்கலாம். ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜ மட்டும் தொடல, "பொருள் சேமிப்பு"ன்னா குடோன் மாதிரி இருக்கு, நல்லதா கெடைக்கிற வரைக்கும் அப்படியே இருக்கட்டும்.

இன்னொண்ணு, கையேட்டுல தடிச்ச எழுத்துல போடப்போறேன்: நாமளே டெலிட் அடிச்சா ஈட்டுத் துண்டும் சேந்தே போயிடும். அதுக்கு வெர்ஷனிங்கும் (ஃபைலோட பழைய பதிப்புகளையும் விடாம வச்சிருக்கிறது) தனி பேக்கப்பும்தான். "வெர்ஷனிங்"க்கு யாராவது சொல் வச்சிருக்கீங்களா?