ஓமாவின் சமையல் நோட்டு: டச்சுக் கையெழுத்து படிக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறீர்களா?

வணக்கம். என் கணவரின் பாட்டி நெதர்லாந்திலிருந்து 1952ல் கப்பலேறி கனடா வந்தவர். எங்களுக்கு ஓமா. 1944-45 பஞ்சக் குளிர்காலத்தில் துலிப் கிழங்கு தின்று பிழைத்தவர். ரொட்டித் துணுக்கைக்கூட வீணாக்க விடமாட்டார். போன மாதம் காலமானார்.

டிசம்பர் 31 அன்று அவர் சுடும் ஓலிபோலனை (உலர்திராட்சை போட்ட போண்டா என்று வையுங்களேன்) இந்த வருஷம் நான்தான் செய்ய வேண்டும். நோட்டில் ‘கால் ஒன்ஸ்’ கட்டி ஈஸ்ட் என்றிருந்தது. அவுன்ஸ் என நினைத்து 7 கிராம் போட்டேன், மாவு பொங்கவே இல்லை! டச்சு ஒன்ஸ் 100 கிராமாம். அதாவது 25 போட்டிருக்க வேண்டும்.

சரி, அது என் தப்பு. ஆனால் கடைசி மூன்று வரிகள் எண்ணெய்க்கறையில் மங்கிவிட்டன. படம் அனுப்பினால் யாராவது படித்துச் சொல்ல முடியுமா? அப்புறம், இங்கே கட்டி ஈஸ்ட் எளிதில் கிடைப்பதில்லை. உலர் ஈஸ்ட் எவ்வளவு போடலாம்?