மாலத்தீவு டைவுக்கு எஸ்எம்பி மட்டும் போதுமா, பீக்கனும் வாங்கணுமா? (எஸ்எம்பி நிமிர்ந்து நிற்கவும் மாட்டேன் என்கிறது)

அலைநேசன், சென்னை:
அடுத்த மாதம் மாலத்தீவில் ஒரு வாரம் சஃபாரி படகில் டைவிங். அட்வான்ஸ்டு டைவர் பயிற்சி முடித்தாச்சு. ஆனால் இதுவரை போனதெல்லாம் பாண்டிச்சேரி பக்கம்தான். நங்கூரக் கயிற்றைப் பிடித்து இறங்கி, அதைப் பிடித்தே ஏறிய பழக்கம். அங்கே நீரோட்டத்தோடு போய் எங்கோ ஓரிடத்தில் மேலே வர வேண்டுமாம். ஆளுக்கொரு எஸ்எம்பி (நாம் இருக்கும் இடத்தைப் படகுக்குக் காட்ட, காற்று நிரப்பிக் கயிற்றோடு மேலே விடும் குழாய் மிதவை) கட்டாயம் என்று சொல்லிவிட்டார்கள்.

1.2 மீட்டரில், அடிப்பக்கம் திறந்த மாதிரி ஒன்று வாங்கினேன். நீச்சல் குளத்தில் விட்டுப் பார்த்தால் மேலே போனதும் செத்த பாம்பு மாதிரி படுத்துவிடுகிறது. என்ன காரணம்? அப்புறம், விசில், கண்ணாடி, பீக்கன் (இருக்கும் இடத்தை சிக்னலில் அறிவிக்கும் கருவி) என்று ஆளாளுக்கு ஒரு பட்டியல் தருகிறார்கள். எதை வாங்க, எதை விட? அமெரிக்காவிலிருந்து வரும் மச்சான் கார்மின் இன்ரீச் (சாட்டிலைட் வழியாகச் செய்தி அனுப்பும் கருவி) வாங்கி வரட்டுமா என்று வேறு கேட்கிறார்.

ஆழம்_புதுவை:
இன்ரீச் வேண்டவே வேண்டாம் என்று மச்சானிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். அனுமதி இல்லாமல் சாட்டிலைட் கருவி கொண்டுவந்தால் இந்திய விமான நிலையத்திலேயே பிடித்து வழக்குப் போடுவார்கள். வெளிநாட்டுப் பயணிகளே மாட்டியிருக்கிறார்கள். தவிர, அது டைவ் ஆழத்தைத் தாங்கும் கருவியும் இல்லை.

இனி எஸ்எம்பி. உங்கள் குளம் 3 மீட்டர் ஆழம் இருக்குமா? அங்கே நிரப்பும் காற்று மேலே போகும்போது 1.3 மடங்குதான் விரியும். அதுவே 10 மீட்டரிலிருந்து விட்டால் இரண்டு மடங்காகும். ஆக, குளத்தில் கொஞ்சமாக ஊதினால் மேலேயும் கொஞ்சம்தான் இருக்கும். ஆனால் பெரிய காரணம் கயிறு. கயிறு தொய்ந்திருந்தால் முழுக்க நிரப்பினாலும் குழாய் சாயும். சாய்ந்ததும் திறந்த வாய் வழியாகக் காற்று வெளியேறிவிடும். மேலே போய்ச் சேர்ந்ததும் மிச்சக் கயிற்றை ஸ்பூலில் (கயிறு சுற்றும் உருளையில்) சுற்றி, பிசிடியில் (காற்று நிரப்பும் மிதவை ஜாக்கெட்டில்) இருந்து கொஞ்சம் காற்றை வெளியே விட்டு, உங்கள் எடை கயிற்றில் தொங்கும்படி செய்யுங்கள். உடனே நிமிரும். நீங்களும் மேலே வந்த பிறகு அதன் அடிப்பகுதியைக் கையால் தண்ணீருக்குள் அழுத்திப் பிடிக்க வேண்டும்.

முடிந்தால் அதை மாற்றிவிடுங்கள். காற்று திரும்பி வராத வாய், வாயால் ஊதும் குழாய், அதிக அழுத்தத்தை வெளியேற்றும் வால்வு, மூன்றும் உள்ள 1.8 மீட்டர் மாதிரி வாங்குங்கள். 1.2 மீட்டரில் கால்வாசி தண்ணீருக்குள் போய்விடும். வெளியே தெரியும் மீதி, ஒரு மீட்டர் உயர அலைக்கே மறைந்துவிடும். நிறம் ஆரஞ்சு.

ஸ்பூலை எக்காரணம் கொண்டும் பிசிடியில் மாட்டிக்கொண்டு எஸ்எம்பியை விடாதீர்கள். சிக்கினால் அது உங்களையும் மேலே இழுத்துப் போகும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் தளர்வாகப் பிடித்து உருள விடுங்கள். நின்றுவிட்டால் கையை விட்டுவிடுங்கள். போனது ஸ்பூல்தானே.

தியோமான்வாசி, ஜொகூர்:
எஸ்எம்பி தெரிய வேண்டுமென்றால் பார்க்க ஒரு படகு இருக்க வேண்டும் அல்லவா. 2022 ஏப்ரலில் மலேசியாவில் எங்கள் மெர்சிங் பக்கம், தோக்கோங் சங்கோல் தீவருகே நால்வர் டைவ் முடித்து மேலே வந்தபோது படகையே காணோம். பயிற்சியாளர் மறுநாள் கிடைத்தார். இன்னும் இருவரை மீட்க இரண்டு நாளுக்கு மேல் ஆனது. அவர்களில் ஒருவரின் 14 வயது மகன் கடலிலேயே இறந்துவிட்டான். அதற்குப் பிறகு எங்கள் குழுவில் பலர் பீக்கன் இல்லாமல் இறங்குவதில்லை.

பீக்கனில் இரண்டு வகை. நாட்டிலஸ் போன்றவை உங்கள் இருப்பிடத்தை ஏஐஎஸ் (கப்பல்கள் தங்கள் இருப்பிடத்தை ஒன்றுக்கொன்று அறிவிக்கும் ரேடியோ முறை) வழியாக அக்கம்பக்கத்துக் கப்பல்களின் திரைக்கு அனுப்பும். 130 மீட்டர் ஆழம் தாங்கும். பிஎல்பி எனும் தனிநபர் அவசர பீக்கன் 406 மெகாஹெர்ட்சில் செயற்கைக்கோளுக்கு அனுப்பி, அங்கிருந்து மீட்பு மையத்துக்குப் போகும். எட்டும் தூரம் அதிகம், ஆனால் ஆள் வந்து சேர நேரமாகும். பெரும்பாலான பிஎல்பிக்கு டைவ் செய்யத் தனி உறை வேண்டும், பதிவும் செய்ய வேண்டும்.

நிலாவெளிக்காரி, திருகோணமலை:
தம்பி, பீக்கனுக்குக் காசைக் கொட்டுறதுக்கு முதல் படகுக்காரரோட கதைச்சுப் பாருங்கோ. ஏஐஎஸ் திரை எதில இருக்கு, தாய்ப்படகிலயா, உங்களை ஏத்துற தோணியிலயா? சில சஃபாரி படகுகள் ஆளுக்கொரு நாட்டிலஸ் தாங்களே குடுக்கும். பிறகு வாங்கி என்ன செய்ய?

விசில் விலை மலிவு, கட்டாயம் வையுங்கோ. ஆனா எஞ்சின் ஓடுற தோணியில நிக்கிற ஆளுக்கு அது கேக்கும் எண்டு நம்பாதேங்கோ. பிசிடிக்குக் காத்து ஏத்துற இன்ஃப்ளேட்டர் குழாயில பொருத்துற காற்று ஹார்ன் நல்லாக் கேக்கும். அதை உங்கட பிசிடி கனெக்டருக்குப் பொருந்துமா எண்டு பாத்து வாங்குங்கோ. சிலிண்டரில காத்து முடிஞ்சால் அதுவும் ஊமை, அதுக்குத்தான் விசிலும். கண்ணாடிக்குப் பதில் பழைய சிடி ஒண்டு போதும்; நடு ஓட்டைக்குள்ளால படகைக் குறிபாத்து வெயிலைத் திருப்பலாம். பின்நேர டைவுக்கு சின்ன டார்ச் ஒண்டு. இருட்டினால் அதை எஸ்எம்பிக்கு அடியில வைச்சு அடிச்சால் குழாய் முழுக்க ஒளிரும்.

ஆழம்_புதுவை:
அக்கா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன்: கயிறு வெட்டும் கட்டர். நம் கரையில் அறுந்த வலைகள் எவ்வளவு கிடக்கின்றன என்று உங்களுக்கே தெரியும். அங்கே உங்கள் ஸ்பூல் கயிறே காலைச் சுற்றலாம். பெரிய கத்தி வேண்டாம், உள்ளங்கைக்குள் அடங்கும் கட்டர் போதும். விமானத்தில் அது செக்-இன் பையில் போகட்டும். டார்ச்சின் உதிரி லித்தியம் பேட்டரி கைப்பையில்.

அலைநேசன், சென்னை:
நன்றி அண்ணா, நன்றி அக்கா. பழைய எஸ்எம்பியையே மறுபடி குளத்தில் விட்டேன். பிசிடி காற்றைக் குறைத்துக் கயிற்றில் தொங்கியதும் நேராக நின்றது! இருந்தாலும் 1.8 மீட்டருக்கு ஆர்டர் போட்டாச்சு. படகில் கேட்டேன், ஏஐஎஸ் தாய்ப்படகில் மட்டும்தானாம், தோணியில் விஎச்எஃப் ரேடியோ உண்டு. நாட்டிலஸ் தாங்களே தருவார்களாம்.

தியோமான்வாசி, ஜொகூர்:
அப்படியென்றால் நீங்கள் வாங்க வேண்டாம். தாய்ப்படகு திரையில் பார்த்து ரேடியோவில் தோணிக்குச் சொல்லிவிடும். ஆனால் முதல் நாளே கையில் வாங்கி, மூடியை எப்படித் திறப்பது, ஆன்டெனா எப்படி வெளியே வரும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். சார்ஜ் இருக்கிறதா என்றும் பாருங்கள். வெளியே தொங்கவிடாமல் பிசிடி பாக்கெட்டுக்குள் மாட்டி வையுங்கள். எஸ்எம்பியும் ஸ்பூலும் மற்றப் பக்க பாக்கெட்டில்.