பழைய ஜான்சன் 5.5க்கு எந்த ப்ரொப்பெல்லர்?

ரைஸ்லேக் தூண்டில்:
போன மாதம் ஒரு கராஜ் விற்பனையில் 1956ஆம் ஆண்டு ஜான்சன் அவுட்போர்டு (படகின் பின்னால் மாட்டுகிற மோட்டார்) கிடைத்தது, 5.5 குதிரைத்திறன், கனடாவின் பீட்டர்பரோ தொழிற்சாலையில் செய்தது. மூன்றாவது இழுப்பில் பிடித்துவிடுகிறது. 12 அடி அலுமினியப் படகில் தனியாகப் போனால் ஏதோ ஓடுகிறது, ஆனால் நண்பர்கள் இருவரும் ஐஸ் பெட்டியும் ஏறிவிட்டால் முழு த்ராட்டில் கொடுத்தும் முக்குகிறது. மூன்று இலை ப்ரொப்பெல்லர், ஓரமெல்லாம் எலி கடித்த மாதிரி. பிட்ச் (ஒரு சுற்றுக்கு முன்னேறும் தூரம்) குறைந்ததாகப் போடலாமா, இரண்டு இலைக்கு மாறலாமா?

பழைய இஞ்சின் பித்தன்:
வாங்குவதற்கு முன் ஆர்பிஎம் (இஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று) பாருங்கள். ஸ்பார்க் ப்ளக் வயரில் சுற்றிவைக்கிற சின்ன டாக்கோமீட்டர் போதும். இந்த மோட்டார் அந்த 5.5ஐக் கொடுப்பது 4,000 ஆர்பிஎம்மில். நீங்கள் வழக்கமாக ஏற்றும் பாரத்தோடு, முழு த்ராட்டிலில், அதை எட்ட வேண்டும். 3,300இலேயே நின்றுவிட்டால் பிட்ச் அதிகம், மேட்டில் சைக்கிளைப் பெரிய கியரில் மிதிக்கிற கதைதான், இஞ்சின் சூடாகி கரி கட்டும். தாண்டி அலறினால் பிட்ச் போதாது. 8 × 7 என்று போட்டிருந்தால் விட்டம் 8 அங்குலம், வழுக்காமல் ஒரு சுற்றுக்கு முன்னேறுவது 7 அங்குலம். மூன்று பேரோடு இந்தப் படகு தண்ணீருக்கு மேலே எழும்பி ஓடாது, அதனால் வேகத்துக்காகப் பிட்ச் கூட்டுவது வீண். இரண்டு இலை லேசான படகுக்குச் சரி, உங்களுக்கு வேண்டாம்.

கரையூரான்:
தம்பி, ப்ரொப்பெல்லரை விடுங்கோ, முதலில் இரண்டு சிலிண்டரும் வேலை செய்கிறதா என்று பாருங்கோ. அந்தக் கால ஜான்சன், எவின்ரூட் இரண்டிலும் ஃப்ளைவீலுக்குக் கீழே, தீப்பொறிக்கு மின்சாரம் கொடுக்க, சிலிண்டருக்கு ஒரு காயில் இருக்கும், அதன் மேலுறை வெடித்துப்போவது சர்வசாதாரணம். குளிரில் நன்றாகத் தீப்பொறி அடிக்கும், சூடேறினால் செத்துவிடும். ஒற்றைச் சிலிண்டரில் ஓடுகிற மோட்டாரும் பிட்ச் கூடிய மோட்டாரும் கையில் ஒரே மாதிரித்தான் தெரியும்.

அப்புறம் ஷியர் பின், ப்ரொப்பெல்லர் எதிலாவது அடித்தால் கியரைக் காப்பாற்றத் தான் முதலில் உடைகிற சின்னப் பின். ஒருநாள் அவசரத்துக்கு ஆணியை வெட்டிச் செருகினேன். கல்லில் அடித்தபோது ஆணிக்கு ஒன்றும் ஆகவில்லை, கியர் பல் போனது. அந்த மாடலுக்கு உரிய பின்னைத்தான் போட வேண்டும், இரண்டு கூடுதலாகச் சட்டைப் பையில் இருக்கட்டும்.

ரைஸ்லேக் தூண்டில்:
அண்ணா, சரியாகச் சொன்னீர்கள். கீழ்ச் சிலிண்டர் காயிலில் முடி நுழையும் அளவு வெடிப்பு. இரண்டையும் மாற்றினேன். இப்போது தனியாக 4,100, மூன்று பேரோடு 3,600. பிட்ச் ஒரு அங்குலம் குறைக்கலாமா?

பழைய இஞ்சின் பித்தன்:
குறைக்கலாம், ஆனால் தனியாகப் போகும்போது த்ராட்டிலை முழுக்கத் திறக்காதீர்கள். அதற்கு முன் இருக்கிற இலைகளின் ஓரத்தை அரத்தால் மெதுவாக ராவுங்கள், மூன்றும் ஒரே அளவில் வர வேண்டும், இல்லாவிட்டால் அதிரும். ப்ரொப்பெல்லருக்கு மேலே உள்ள தட்டு படகின் அடிப்பாகத்துக்கு நேராக வருகிறதா? அது மேலே தூக்கி இருந்தால் காற்றை உறிஞ்சும், எந்தப் ப்ரொப்பெல்லர் போட்டாலும் வழுக்கும்.

ரைஸ்லேக் தூண்டில்:
தட்டு நேராகத்தான் இருக்கிறது. ராவினேன், அதிர்வு போய்விட்டது. ஐஸ் பெட்டியைப் பின்னாலிருந்து முன்பலகைக்குத் தள்ளியதில் இன்னும் 150 ஆர்பிஎம் ஏறியது, நண்பர்களுக்குத்தான் கை எட்டவில்லை.