1970 எம்ஜிபி ஜிடி: சூடானதும் நின்றுவிடுகிறது, ஆறினால் மறுபடி ஓடுகிறது

புதுச்சாவி:
வணக்கம். இங்கிலாந்தில் அண்மையில் வாங்கிய 1970 எம்ஜிபி ஜிடி, பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். 1798 சிசி, இரட்டை எஸ்யூ எச்எஸ்4 கார்புரேட்டர். காலையில் சோக் இழுத்தால் உடனே ஸ்டார்ட் ஆகிறது. இருபது நிமிடம் போல ஓடியதும் இரண்டு குலுக்கு குலுக்கிவிட்டு அணைந்துவிடும். கால் மணி நேரம் விட்டால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடும். டெம்பரேச்சர் முள் 'என்' (நார்மல்) எழுத்தைத் தாண்டுவதில்லை. ஆயில் பிரஷர் ஓட்டத்தில் 60, ஐடிலிங்கில் 20. பாயிண்ட், கண்டென்சர், ரோட்டர், காயில் என்று ஸ்பார்க் சாமான் எல்லாம் புதுசு என்று விற்றவர் பில்லோடு கொடுத்திருக்கிறார். அதனால் பெட்ரோல் பக்கம்தான் கோளாறு என்று நினைக்கிறேன். பம்பை மாற்றலாமா, கார்புரேட்டரைப் பிரிக்கலாமா?

பழைய ஸ்பேனர்:
இரண்டும் வேண்டாம், இப்போதைக்கு. "எல்லாம் புதுசு" என்பதுதான் எனக்கு முதல் சந்தேகம். இன்று கிடைக்கும் மலிவுக் கண்டென்சரும் நடுவில் ரிவெட் அடித்த ரோட்டரும் நாற்பது வருஷம் ஓடிய பழைய லூகாஸ் சாமானைவிட வேகமாகச் சாகின்றன. இரண்டுமே சூட்டில்தான் படுக்கும், ஆறினால் எழுந்துகொள்ளும்.

அடுத்த முறை நிற்கும்போது கிளட்சை மிதிக்காமல் கியரிலேயே உருளவிட்டு ஆர்பிஎம் மீட்டரைப் பாருங்கள். சாலை காலியாக இருந்தால் மட்டும். உங்கள் காரில் அது காயிலுக்குப் போகும் மின்சாரத்தின் துடிப்பை (பாயிண்ட்தான் அதை விட்டு விட்டு வெட்டுகிறது) எண்ணுகிற வகை. எஞ்சின் சுற்றிக்கொண்டிருக்கும்போதே முள் பட்டென்று பூஜ்யத்தில் விழுந்தால் காயில், பாயிண்ட், அவற்றை இணைக்கும் ஒயர் இதில் எங்கோ துண்டிப்பு. முள் எஞ்சினோடு சேர்ந்து மெதுவாக இறங்கினால் பாயிண்ட் வேலை செய்கிறது. பெட்ரோல், ரோட்டர், டிஸ்ட்ரிப்யூட்டர் மூடி (ஸ்பார்க்கை நான்கு பிளக்குக்கும் பிரிக்கும் டப்பாவின் மூடி) என்று தேட வேண்டும்.

ஓரம் கட்டியதும் ஆறவிடாமல் ஸ்பார்க் பாருங்கள். மூடியின் நடுவிலிருந்து காயில் ஒயரை உருவி, ரப்பர் பிடி போட்ட குறடால் பிடித்து, நுனியை எஞ்சின் பிளாக்கிலிருந்து 6 மிமீ தள்ளி வைத்து ஒருவரை ஸ்டார்ட்டர் சுற்றச் சொல்லுங்கள். பெட்ரோல் கசிவோ வாடையோ இருந்தால் இதைச் செய்யவே கூடாது. நீலமாகச் சடசடவென்று வந்தால் காயில் நலம். மஞ்சளாக, மெலிசாக வந்தால் கண்டென்சர். காயிலில் ஸ்பார்க் வந்து பிளக்கில் வராவிட்டால் மூடியைக் கழற்றி, அதே ஒயர் நுனியை ரோட்டரின் பித்தளைக்கு 3 மிமீ மேலே பிடித்துச் சுற்றுங்கள். ரோட்டருக்குத் தொடர்ந்து பொறி பாய்ந்தால் அது உள்ளே ஷாஃப்டுக்குக் கசிகிறது. தூக்கிப் போட்டுவிட்டு ரிவெட் இல்லாத சிவப்பு ரோட்டர் வாங்குங்கள்.

மூன்றாம் கியர்:
பழைய ஸ்பேனர் அண்ணன் சொன்னது சரி, ஆனாலும் பெட்ரோலை அப்படியே விட்டுவிட வேண்டாம். எஸ்யூ மின்பம்ப் பின்பக்க வலது சக்கரத்துக்கு முன்னால், காருக்கு அடியில் இருக்கிறது. சாவியைத் திருப்பியதும் டிக் டிக் என்று சில தடவை அடித்துவிட்டு அடங்க வேண்டும். அடங்காமல் வேகமாக அடித்துக்கொண்டே இருந்தால் டேங்க் காலி அல்லது உறிஞ்சும் பக்கம் காற்று இழுக்கிறது. சத்தமே இல்லாவிட்டால் வெள்ளை ஒயரில் 12 வோல்ட் வருகிறதா என்று பாருங்கள். வந்தும் அடிக்காவிட்டால் பம்பின் கறுப்பு எர்த் ஒயர், அதுவும் சரி என்றால் பம்புக்குள் இருக்கும் பாயிண்ட்.

நின்ற உடனே டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே இழுத்தால் டேங்குக்கு மூச்சுவழி அடைத்திருக்கிறது. காற்றோட்டம் உள்ள மூடிக்குப் பதிலாக யாரோ அடைப்பு மூடி போட்டிருப்பார்கள். இருபது நிமிடத்தில் நிற்பதற்கு அது ஒன்றே போதும்.

அளவு பார்க்க, எஞ்சின் முழுக்க ஆறிய பிறகு கார்புரேட்டருக்குப் போகும் குழாயைக் கழற்றி ஒரு தகர டப்பாவில் விடுங்கள். நிமிடத்துக்கு ஒரு லிட்டர் தாராளமாக வர வேண்டும். ரப்பர் குழாய்களையும் பாருங்கள். 2021 செப்டம்பரிலிருந்து அங்கே சாதாரண பெட்ரோல் இ10 (10% வரை எத்தனால் கலந்தது) ஆகிவிட்டது. பழைய ரப்பர் அதில் உள்ளுக்குள் இளகி உரியும். ஆர்9 என்று அச்சிட்ட குழாய் போட்டு, சூப்பர் இ5 ஊற்றுங்கள்.

வேப்பர் லாக், அதாவது சூட்டில் பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகி அடைப்பது என்று நிறையப் பேர் சொல்வார்கள். கார்புரேட்டரும் எக்ஸாஸ்டும் ஒரே பக்கம் என்பதால் நடக்கக்கூடியதுதான், ஆனால் அது சூடான வண்டியை நிறுத்தி வைத்து மறுபடி எடுக்கும்போது வரும். ஓடுகிற வேகத்தில் அவ்வளவு சுலபமாக வராது.

புதுச்சாவி:
இருவருக்கும் நன்றி. முள் பட்டென்று பூஜ்யத்துக்கு விழுந்தது. பம்ப் சில டிக் அடித்து அடங்குகிறது, மூடியில் 'உஸ்' இல்லை. ஒயர்களைக் கழற்றிக் காயிலின் இரண்டு சிறு முனைகளுக்கு நடுவே அளந்தால் 1.6 ஓம். காயில் தொட முடியாத சூடு.

பழைய ஸ்பேனர்:
மாட்டிக்கொண்டது. மீட்டரின் இரண்டு முள்ளையும் ஒன்றோடொன்று தொட்டு, காட்டும் அளவைக் கழித்தால் 1.4 அல்லது 1.5 வரும். அது பேலஸ்ட் காயில், அதாவது வழியில் ஒரு தடை ஒயர் (பேலஸ்ட்) வோல்ட்டைக் குறைத்துக் கொடுக்கும் காருக்கானது. 1974 இலையுதிர் காலத்தில் ரப்பர் பம்பர் வந்த பிறகுள்ள நான்கு சிலிண்டர் எம்ஜிபிக்களில்தான் பேலஸ்ட் ஒயர் உண்டு; உங்கள் 1970 காரில் நேராக 12 வோல்ட். 3 ஓம் காயிலில் 4 ஆம்பியர் போகிற இடத்தில் இப்போது 8 ஆம்பியர் போகிறது. காயில் வேகிறது, பாயிண்ட் கருகுகிறது. உறுதி செய்ய, சாவி போட்டு பாயிண்ட் மூடிய நிலையில் காயிலின் பிளஸ் முனையில் வோல்ட் பாருங்கள். 12க்குப் பக்கத்தில் இருந்தால் வழியில் பேலஸ்ட் இல்லை. அரை நிமிடத்துக்கு மேல் அப்படியே வைக்காதீர்கள்.

3 ஓம் காயில் வாங்குங்கள், லூகாஸ் டிஎல்பி101. வெள்ளை ஒயர் பிளஸுக்கு, வெள்ளையில் கறுப்புக் கோடு போட்டது மைனஸுக்கு.

ஆனால் காயிலோடு நிறுத்திவிடாதீர்கள், முள் பட்டென்று விழுவதற்கு இன்னொரு இடமும் உண்டு. டிஸ்ட்ரிப்யூட்டருக்குள் போகும் சிறு பின்னல் ஒயரும், அடித்தட்டின் எர்த் ஒயரும் துணி உறைக்குள்ளேயே அறுந்திருக்கும். வெளியே முழுசாகத் தெரியும். லேசாக இழுத்துப் பாருங்கள், ரப்பர் மாதிரி நீண்டால் உள்ளே செம்பு இல்லை.

பாயிண்ட் கருகியிருக்கும், அதையும் மாற்றுங்கள். 25டி4 டிஸ்ட்ரிப்யூட்டரில் வரிசை முக்கியம்: தூணில் முதலில் இன்சுலேட்டர் வாஷர், மேலே பாயிண்டின் ஸ்பிரிங், அதன் மேல் கண்டென்சர் டேக், உள்ளே வரும் ஒயரின் டேக், பிறகு இவற்றுக்குள் நுழையும்படி தொப்பி வடிவ பிளாஸ்டிக் புஷ், கடைசியில் நட். இரண்டு டேக்கும் ஸ்பிரிங்கைத் தொட வேண்டும், தூணைத் தொடக் கூடாது. தொட்டால் ஸ்பார்க்கே வராது. இடைவெளி 15 தவ், அதாவது 0.38 மிமீ, கேமின் மேட்டில் வைத்து. மேட்டில் துளி கிரீஸ்.

அம்பாசடர் பிரித்தவர்களுக்கு இதெல்லாம் கை பழகிய வேலை. அதன் 1489 சிசி பெட்ரோல் எஞ்சினும் இதே பிஎம்சி பி-சீரிஸ் குடும்பம்.

கம்பிக்காரன்:
இந்த இழையில் அடுத்து யாராவது "எலக்ட்ரானிக் இக்னிஷன் போடுங்கள்" என்று சொல்வார்கள். முதலில் பாயிண்டில் சரியாக ஓடட்டும். தவறான காயிலோடு மாட்யூல் போட்டு, சாவியை ஆன் நிலையில் மறந்தால் மாட்யூல் போச்சு. சில மாட்யூல்களோடு உங்கள் வகை ஆர்பிஎம் மீட்டர் ஆடவும் செய்யும்.

பாயிண்ட் மாற்றினால் டைமிங்கும் (ஸ்பார்க் விழும் நேரம்) பார்க்க வேண்டும். இடைவெளி கூடினால் டைமிங் முந்தும், குறைந்தால் பிந்தும். ஃபயரிங் ஆர்டர் 1-3-4-2, பிளக் என்ஜிகே பிபி6இஎஸ், இடைவெளி 25 தவ்.

கார்புரேட்டரைத் தொடுவது இதற்கெல்லாம் பிறகு. அதன் தலையில் உள்ள டேம்பரில் எஸ்ஏஇ 20 ஆயில் இருக்கிறதா பாருங்கள். டேம்பர் மூடியை இறக்கும்போது அமர்வதற்கு 6 மிமீ முன்னால் கையில் தடை தெரிய வேண்டும். எஞ்சின் சூடான பிறகு கார்புரேட்டர் பிஸ்டனை, அதைத் தூக்குவதற்கென்றே இருக்கும் சிறு பின்னால், ஒரு மிமீக்கும் குறைவாகத் தூக்குங்கள். வேகம் ஏறி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம், உடனே தடுமாறினால் குறைவு, சற்றே ஏறி பழைய நிலைக்கு வந்தால் சரி. கார்புரேட்டருக்கு அடியில் உள்ள ஜெட் நட்டை ஒரு தடவைக்கு ஒரு பட்டை (ஆறில் ஒரு சுற்று) மட்டும் திருப்புங்கள். மேலே போனால் பெட்ரோல் குறையும், கீழே வந்தால் கூடும்.

இன்னொன்று: சீட்டுக்குப் பின்னால் தரைக்கு அடியில் இரண்டு 6 வோல்ட் பேட்டரி இருக்கும். அவற்றை இணைக்கும் கேபிளின் முனைகளைச் சுரண்டிச் சுத்தம் செய்யுங்கள். அங்கே பச்சை பூத்திருந்தால் நீங்கள் மேலே அளக்கும் எந்த வோல்டையும் நம்ப முடியாது.

மூன்றாம் கியர்:
கழற்றும் பழைய ரோட்டர் ரிவெட் வகை இல்லையென்றால் எறியாமல் டிக்கியில் போட்டு வையுங்கள். கூட ஒரு நல்ல கண்டென்சரும். வழியில் கண்டென்சர் படுத்தால் டிஸ்ட்ரிப்யூட்டரை முழுக்கப் பிரிக்க வேண்டாம்: மூடியை எடுத்து உள்ளே இருப்பதன் ஒயரை மட்டும் விடுவித்துவிட்டு, புதியதன் உடலைக் காயில் பட்டையின் போல்ட்டில் முடுக்கி, ஒயரை மைனஸ் முனையில் மாட்டினால் வீடு வந்து சேரலாம். அந்த போல்ட்டுக்கு அடியில் பெயின்ட் இருந்தால் சுரண்டிவிடுங்கள், எர்த் கிடைக்காது.