சேலை வேண்டாம், டீசல் தாருங்கள் என்றார் அந்த அம்மா

குழித்துறைக்காரன்:
ஒக்கிப் புயல் அடித்த அடுத்த வாரம், 2017 டிசம்பர். தெருவில் சேர்த்த அரிசி, பாய், சேலை எல்லாவற்றையும் வேனில் ஏற்றிக்கொண்டு, குமரி மாவட்டத்து மீனவர் ஊரான தூத்தூர் போனோம். வீடுகள் நின்றன, ஆண்கள்தான் இல்லை. சுறாவுக்கும் சூரைக்கும் போனால் வாரக்கணக்கில் ஆழ்கடலில் கிடப்பவர்கள். எச்சரிக்கை பலரை எட்டவே இல்லை. குருசடி என்னும் சிறு சிலுவைக் கோயிலின் திண்ணையில் இருந்த ஓர் அம்மாவிடம் சேலையை நீட்டினேன். "மக்களே, சேலை வேண்டாம். டீசல் இருந்தால் தாருங்கள். பையன்கள் போட்டில் போய்த் தேடுவார்கள்" என்றார். நீட்டிய கையை மடக்கத் தெரியாமல் நின்றேன்.

செங்கோட்டை வாசகி:
எனக்கு 2018 ஆகஸ்ட் கேரள வெள்ளம். செங்கன்னூர் பக்கம் தண்ணீர் வடிந்தபின் போனோம். வீட்டுக்குள் முழங்கால் சேறு. நாங்கள் அரிசி மூட்டையை இறக்கிக்கொண்டிருக்க, ஒரு பாட்டி அதைத் தாண்டிப் போய் வண்டி மூலையில் கிடந்த ஈர்க்குமாற்றை எடுத்தார். வண்டியைக் கூட்ட வைத்திருந்தது அது. கொடுக்கக் கொண்டுபோன பொருளே அல்ல. அதை மார்போடு அணைத்துக்கொண்டு வீட்டுக்குள் போனார்.

குலசேகரம்:
குழித்துறைத் தம்பி, சேலை கொடுத்ததே தவறு என்பதுபோல் எழுதாதீர்கள். நீங்கள் அப்படிச் சொல்லவில்லைதான்; படிப்பவர்கள் அப்படித்தான் எடுத்துக்கொள்வார்கள். என் அம்மா ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர். ஒக்கியில் எங்கள் பக்கம் ரப்பரும் வாழையும் சாய்ந்து கிடந்தன. வெட்ட மரமில்லை, கூலியில்லை, மின்சாரமும் இல்லை. அந்த வாரத்தில்தான், ஒரே ஒருமுறை உடுத்திய சேலையை மண்ணெண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் மடித்துக் கொடுத்தார். அதை யார் உடுத்தினார்களோ, அவருக்கு அது வேண்டியிருந்திருக்கும்.

நகரி ஆசிரியர்:
சேலையைப் பற்றிய வாதம் எதற்கு? கேட்டுவிட்டு அனுப்புங்கள். அந்த ஊரின் தலைமையாசிரியரிடமோ பங்குத்தந்தையிடமோ காலையில் பேசி, இன்று என்ன இல்லை என்று கேளுங்கள். முதல் இரண்டு நாள் குடிநீர், பிஸ்கட், மெழுகுவர்த்தி, தீப்பெட்டி. பிறகு தார்ப்பாய், அதைக் கட்டக் கயிறும் சேர்த்து. பலர் கயிற்றை மறந்துவிடுகிறார்கள். உள்ளாடை புதிதாக, அளவு எழுதி. நாப்கினைக் கேட்கக் கூசுவார்கள், கேட்காமலே வையுங்கள். தண்ணீர் வடிந்ததும் பிளீச்சிங் பவுடர், மண்வெட்டி, கையுறை. செங்கோட்டை அம்மா சொன்ன துடைப்பமும். சமைத்த சோறு பக்கத்து ஊருக்கு மட்டும். பழைய துணியென்றால் துவைத்து, பொத்தான் தைத்து. முடிந்தால் பணமாகக் கொடுங்கள். அங்குள்ள கடைக்காரரும் பிழைக்க வேண்டும். பெட்டியின் மேல் அவர்களுடைய மொழியில் எழுதுங்கள்.

2023 டிசம்பர் 5 அன்று மிக்ஜாம் புயல் ஆந்திராவின் பாபட்லா அருகே கரையைக் கடந்தது. அங்கே ஒரு கிராமத்துக்கு நாங்கள் அனுப்பிய பெட்டிகளில் எல்லாம் தமிழ். இரண்டு நாள் கழித்துப் போனேன். குழந்தைகளுக்கான பால்மாவுப் பெட்டி பிரிக்காமலே இருந்தது. மேலே என் கையெழுத்து.

குழித்துறைக்காரன்:
குலசேகரம் அண்ணன், உங்கள் அம்மா கொடுத்ததை நான் குறை சொல்வேனா? நான் எழுத வந்தது வேறு. எங்கள் வேன் டீசல் வண்டி. திரும்பி வந்து வீட்டு வாசலில் நிறுத்தும்போதுதான் டீசல் அளவு காட்டும் முள்ளைப் பார்த்தேன். பாதி டேங்குக்கு மேல் இருந்தது. ஆழ்கடல் போட்டுக்கு அது காணாது என்று தெரியும். ஆனாலும் அந்த அம்மா கேட்டபோது, எங்களிடம் டீசல் இல்லை என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.