சின்ன ஊருக்குக் குடிபோகிறோம், பிள்ளைகள் படிப்புதான் யோசனையாக இருக்கிறது

வெயில்சாலை:
வேலை மாற்றத்தால் நகரத்தை விட்டு ஒரு சின்ன கிராமத்து ஊருக்குக் குடிபோக வேண்டியிருக்கிறது. பெரியவள் எட்டாம் வகுப்பு முடிக்கப் போகிறாள், சின்னவன் இரண்டாம் வகுப்பு. அங்கே ஒரு தொடக்கப் பள்ளி, ஒரு மேல்நிலைப் பள்ளி, அவ்வளவுதான். கல்லூரி என்றால் பேருந்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் போக வேண்டும். ஊர் எங்கள் எல்லோருக்கும் பிடித்துவிட்டது, ஆனால் பெரியவள் நாளைக்கு நல்ல கல்லூரியில் இடம் கேட்டுப் போகும்போது நகரத்துப் பிள்ளைகளுக்கு ஈடுகொடுக்க முடியுமா என்று வீட்டில் தினமும் பேச்சு ஓடுகிறது. இப்படிப்பட்ட ஊரில் படித்தவர்கள், பாடம் நடத்துகிறவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். "எல்லாம் பிள்ளை படிக்கிற படிப்பில்தான் இருக்கிறது" என்ற பதில் மட்டும் வேண்டாம், அதை என் மாமனார் ஏற்கெனவே சொல்லிவிட்டார்.

கரும்பலகை:
சின்னவனைப் பற்றிக் கவலை வேண்டாம். பெரியவளுக்குத்தான் கொஞ்சம் விசாரிக்க வேண்டியிருக்கும். நான் வேலை பார்ப்பதே இந்த மாதிரி ஊர்ப் பள்ளிகளில்தான்.

தொடக்கப் பள்ளியில் ஒரே ஆசிரியர் இரண்டு மூன்று வகுப்புகளைச் சேர்த்து நடத்துவதைப் பார்த்தால் பயந்துவிடாதீர்கள். சரியாகச் செய்தால் அது குறையே இல்லை. கொலம்பியாவில் 1970களின் நடுவில் 'எஸ்குவேலா நுவேவா' என்று கிராமத்துப் பள்ளிகளுக்காகவே ஒரு முறையைக் கொண்டுவந்தார்கள். பிள்ளைகள் குழுவாக உட்கார்ந்து வழிகாட்டிப் புத்தகத்தை வைத்துக்கொண்டு அவரவர் வேகத்தில் படிப்பார்கள், ஆசிரியர் ஒவ்வொரு குழுவாகப் போய்ச் சொல்லிக்கொடுப்பார். பிறகு வேறு பல நாடுகளும் அதை எடுத்துக்கொண்டன. ஆனால் ஆசிரியருக்கு அதில் பயிற்சி இருக்க வேண்டும். சேர்ப்பதற்கு முன்னால் ஒருநாள் போய்ப் பாருங்கள், மூன்றாம் வகுப்புக்குப் பாடம் நடக்கும்போது இரண்டாம் வகுப்பு என்ன செய்துகொண்டிருக்கிறது? கரும்பலகையில் இருப்பதை நோட்டில் எழுதிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தால் யோசியுங்கள்.

பெரியவளுக்கு ஒன்பது, பத்து வரைக்கும் ஒன்றும் ஆகாது, அதற்கப்புறம்தான் விஷயமே இருக்கிறது. பிள்ளைகள் குறைவு என்பதால் மேல்நிலையில் பாடப்பிரிவுகளும் குறைவாகத்தான் இருக்கும், அதிலும் அறிவிப்புப் பலகையில் இருக்கிற பாடப்பிரிவு ஒன்று, நிஜமாகவே ஆசிரியர் இருக்கிற பாடப்பிரிவு வேறொன்று. இயற்பியல் ஆசிரியர் மாறுதலில் போய்விட்டால் அந்த இடம் காலியாகவே கிடக்கும், கணித ஆசிரியர்தான் அதையும் சேர்த்துப் பார்ப்பார். பொறியியலுக்குக் கணிதமும் இயற்பியலும் கேட்பார்கள், மருத்துவத்துக்கு உயிரியலும் வேதியியலும். பள்ளியில் இல்லை என்பதற்காக ஒரு பாடத்தை எடுக்காமல் விட்டுவிட்டால் மற்றதில் எவ்வளவு மதிப்பெண் வாங்கினாலும் அந்தப் படிப்புக்கு விண்ணப்பமே போட முடியாமல் போகலாம். அதனால் தலைமை ஆசிரியரிடம் தேர்ச்சி விகிதத்தைக் கேட்காதீர்கள். எந்தெந்தப் பாடத்துக்கு இப்போது நிரந்தர ஆசிரியர் இருக்கிறார், போன வருஷம் முடித்த பிள்ளைகள் எங்கே போய்ச் சேர்ந்தார்கள் என்று கேளுங்கள். தேர்ச்சி விகிதத்தை எல்லோரும் பெருமையாகச் சொல்வார்கள், இதற்குத்தான் கொஞ்சம் தடுமாறுவார்கள்.

ஒற்றையடி:
கரும்பலகை சொன்னது பள்ளிக்குள் இருக்கிற பிரச்சினை. இந்த மாதிரி ஊரில் படித்தவள் என்ற முறையில் வெளியே இருப்பதைச் சொல்கிறேன். எங்கள் வகுப்பில் நன்றாகப் படித்த பிள்ளைகள் இருந்தார்கள், ஆனால் எந்தக் கல்லூரிக்கு எப்போது விண்ணப்பம் போட வேண்டும், உதவித்தொகை இருக்கிறதா என்பதெல்லாம் யாருக்கும் தெரியாது, பக்கத்தில் இருக்கிற கல்லூரியில் சேர்ந்துவிடுவோம்.

இது எங்கள் ஊர்க் கதை மட்டும் இல்லை. அமெரிக்காவில் கரோலின் ஹாக்ஸ்பி, கிறிஸ்டோபர் ஏவரி என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் 2012இல் வெளியிட்ட ஆய்வில், வசதி குறைந்த குடும்பத்தில் மிக நன்றாகப் படிக்கிற பிள்ளைகளில் பெரும்பாலோர் முன்னணிக் கல்லூரி ஒன்றுக்குக்கூட விண்ணப்பிப்பதே இல்லை என்று வந்தது. அப்படி விண்ணப்பிக்காதவர்களில் நிறையப் பேர் சின்ன ஊர்க்காரர்கள், அந்தக் கல்லூரிகளில் படித்த ஆசிரியரையோ அக்கா அண்ணன்களையோ சந்திக்கவே வாய்ப்பில்லாதவர்கள். இடம் கிடைத்திருந்தால் உதவித்தொகையோடு செலவு குறைவாகவே ஆகியிருக்கும் என்பதுதான் இதில் வயிற்றெரிச்சல். ஆக, தகவலைக் கையில் கொடுத்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

படிக்கட்டு:
ஒற்றையடி, கடைசி வரியில் மட்டும் எனக்கு உடன்பாடு இல்லை. அதே யோசனையில் பிற்பாடு பெரிய அளவில் லட்சக்கணக்கான மாணவர்களுக்குக் கல்லூரித் தகவல்களை அனுப்பிப் பார்த்தார்கள், சேர்க்கையில் சொல்லும்படியான மாற்றம் இல்லை. மிச்சிகன் பல்கலைக்கழகம் வேறு மாதிரி செய்தது. வசதி குறைந்த, நன்றாகப் படிக்கிற பிள்ளைகளுக்கு "இங்கே இடம் கிடைத்தால் நான்கு வருஷமும் கல்விக் கட்டணம் கிடையாது" என்று முன்கூட்டியே உறுதி கொடுத்துக் கடிதம் அனுப்பினார்கள். விண்ணப்பித்தவர்கள் 26 சதவீதத்திலிருந்து 68 சதவீதம் ஆனார்கள், சேர்ந்தவர்கள் 12இலிருந்து 27. இத்தனைக்கும் அந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு அந்தச் சலுகை ஏற்கெனவே கிடைக்கக்கூடியதுதான், நிச்சயமாகக் கிடைக்கும் என்று யாரும் முன்னால் சொல்லவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். கொடுப்பார்களா மாட்டார்களா என்று தெரியாமல் எந்த வீட்டிலும் பிள்ளையைத் தூர ஊருக்கு அனுப்பத் துணிய மாட்டார்கள்.

வெயில்சாலை:
எல்லோருக்கும் நன்றி. ஒரு சந்தேகம். ஆசிரியர் இல்லாத பாடத்தை இணையத்தில் படிக்க வைத்தால் போதாதா? காணொளிகள்தான் கொட்டிக் கிடக்கின்றனவே.

கரும்பலகை:
கொட்டிக் கிடப்பது உண்மைதான். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகமே தன் பாடங்களை எல்லோருக்கும் திறந்துவிடப் போவதாக அறிவித்தது 2001இல். தூரத்திலிருந்து பாடம் நடத்துவது அதைவிடப் பழையது, ஆஸ்திரேலியாவில் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரில் 1951லேயே வானொலி வழியாகப் பள்ளிக்கூடம் ஆரம்பித்தார்கள், பக்கத்து வீடே பல மைல் தள்ளி இருக்கிற பண்ணைகளின் பிள்ளைகளுக்காக. ஆனால் அங்கே வானொலியின் மறுமுனையில் பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற ஆசிரியர் இருந்தார், பிள்ளை பதிலும் சொல்லலாம். காணொளிக்கு அந்தப் பக்கம் யாரும் இல்லையே. தானாகவே உட்கார்ந்து படிக்கிற பிள்ளைக்கு அது போதும், பதினைந்து வயதில் எல்லோரும் அப்படி இருக்க மாட்டார்கள். நேரலையில் ஆசிரியரோடு பேசிப் படிக்கிற வகுப்பாகப் பாருங்கள், வாரம் ஒருமுறையாவது எழுதியதைத் திருத்திக் கொடுக்க ஒருவர் வேண்டும். அப்புறம் வேதியியல் செய்முறையை இணையத்தில் படிக்க முடியாது, பள்ளிக்குப் போகிற அன்றைக்கே ஆய்வகத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். சாவியைத் தேடினார்கள் என்றால் புரிந்துகொள்ளலாம்.

படிக்கட்டு:
இன்னொன்று, பெரியவள் பத்தாவது முடிக்கும்போது அந்த ஊரில் அவள் கேட்கிற பாடப்பிரிவு இல்லை என்றால் அந்த இரண்டு வருஷத்துக்கு மட்டும் விடுதியோ உறவினர் வீடோ சரிப்படுமா என்று இப்போதே அவளிடம் பேசி வையுங்கள். ஒரு மணி நேரப் பேருந்துப் பயணத்தைக் கல்லூரி வயதில் சமாளித்துவிடலாம், மேல்நிலை வகுப்பில் தினமும் போய்வந்தால் படிக்கிற நேரம் முழுக்க அதிலேயே போய்விடும்.