பசுமைக் கட்டடம் சட்டம் போட்டால்தான் வருமா?

மேஸ்திரி:
கட்டடம் குறைந்த மின்சாரத்தில் இயங்க வேண்டும் என்கிற பசுமை விதிகளால் பெருகுவது கோப்புதான். வரைபடத்தோடு ஒரு கணினிக் கணக்கை இணைத்தால் அனுமதி வந்துவிடும். கட்டி முடித்தபின் அந்தக் கணக்குப்படிதான் மின்சாரம் செலவாகிறதா என்று யார் வந்து பார்க்கிறார்கள்? கூடுதல் செலவு வாங்குகிறவர் தலையில். மக்களுக்குத் தேவையென்றால் கேட்டு வாங்குவார்கள், சட்டம் எதற்கு?

வேம்பு:
கேட்க மாட்டார்கள். கட்டுகிறவர் ஒருவர், மின்கட்டணம் செலுத்துகிறவர் வேறொருவர். கூரையில் வெப்பக்காப்பு போட்டால் செலவு முதலாமவருக்கு, லாபம் இரண்டாமவருக்கு. அதுவும் சுவருக்குள், கூரைக்குள் போனது கண்ணில் படாது. பளிங்குத் தரை படும். பணம் எங்கே போகும், சொல்லுங்கள்? தனியொருவர் கேட்டால் நல்ல ஜன்னலும் ஸ்பெஷல் ஆர்டர்தான். விதி வந்து எல்லோரும் வாங்கும்போதுதான் அது சாதாரணச் சரக்காகி விலை இறங்கும். கலிபோர்னியா 1978 முதல் கட்டட ஆற்றல் விதிகளை வைத்திருக்கிறது, அவ்வப்போது இறுக்கியும் வருகிறது.

மேஸ்திரி:
விலை இறங்கும்வரை அடி வாங்குவது சின்ன ஒப்பந்தக்காரர். அரசாவது சொன்ன சொல்லில் நிற்கிறதா? 2016 முதல் புது வீடுகளெல்லாம் கார்பன் உமிழாதவையாக இருக்க வேண்டும் என்று பிரிட்டன் அரசு 2006-ல் அறிவித்தது. 2015-ல் கைவிட்டது. அதை நம்பித் தயாரானவர்கள் கதி?

வேம்பு:
அது விதியை நடுவழியில் விட்டதன் தப்பு. முன்கூட்டியே சொல்லி, படிப்படியாக இறுக்கி, சொன்ன தேதியில் நின்றால் சின்னவர்களும் தயாராகிவிடலாம்.

சுண்ணாம்பு:
இருவரும் மின்சாரத்தையே பேசுகிறீர்கள். சிமென்டுக்காகச் சுண்ணாம்புக்கல்லைச் சுடும்போது எரிபொருளிலிருந்து மட்டுமில்லை, அந்தக் கல்லிலிருந்தே கரியமில வாயு வெளியேறுகிறது. உலகக் கரியமில வாயு உமிழ்வில் சிமென்டின் பங்கு சுமார் 7 முதல் 8 சதவீதம். டென்மார்க் 2023-ல் இதற்கும் கடிவாளம் போட்டது. 1,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட புதுக் கட்டடம் என்றால், பொருள்களையும் சேர்த்து 50 ஆண்டுக்குக் கணக்கிட்டு, உமிழ்வு சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு 12 கிலோவைத் தாண்டக் கூடாது என்றது. 2025-ல் வரம்பு இன்னும் இறுகியது. புதுக் கட்டடத்துக்கு மட்டும் சலுகை தரும் விதியோ, உறுதியாக நிற்கும் பழைய கட்டடத்தை இடிக்கத்தான் தூண்டும். எனக்கு இதுதான் பெரிய கவலை.

மேஸ்திரி:
இதுவும் காகிதக் கணக்குதானே? யார் அளப்பது என்ற என் கேள்வி அப்படியே நிற்கிறது.

வேம்பு:
அளக்க முடியும். வாசற்கதவில் மின்விசிறியைப் பொருத்தி, வீட்டுக்கு உள்ளும் புறமும் 50 பாஸ்கல் அழுத்த வேறுபாடு வரும்வரை ஓட்டுவார்கள். ஒரு புகைக்குச்சியை சுவிட்ச் பெட்டி ஓரம் பிடித்தால் புகை சட்டென்று வளையும்; அங்கேதான் காற்று கசியும் ஓட்டை. பூசி மறைத்த வேலையெல்லாம் அரை மணியில் வெளியே வந்துவிடும். ஆஸ்திரேலியாவின் நேபர்ஸ் மதிப்பீடு 12 மாதம் உண்மையில் செலவான மின்சாரத்தைப் பார்க்கிறது. பெரிய அலுவலகத்தை விற்கவோ வாடகைக்கு விடவோ அந்த மதிப்பீட்டை வெளியிட வேண்டும் என்று 2010-ல் சட்டமே வந்தது.

மேஸ்திரி:
சரி, இப்படி அளக்கிற விதியை நான் எதிர்க்கவில்லை. ஆனால் அளவு மோசமாக வந்தால் யார் பொறுப்பு? வரைந்தவரா, கட்டியவரா, ஏசியை 18-ல் வைத்துவிட்டு ஜன்னலைத் திறந்து வைப்பவரா? அபராதம் கடைசியில் கட்டியவன் மேல்தான் விழும்.

வேம்பு:
நேபர்ஸில் கட்டடத்துக்குத் தனி மதிப்பீடு, வாடகைக்கு இருப்பவரின் பயன்பாட்டுக்குத் தனி மதிப்பீடு என்று பிரிக்க வழி உண்டு. வீடுகளில் அப்படிப் பிரிப்பது கஷ்டம்தான். அங்கே காற்றுக்கசிவையும் வெப்பக்காப்பையும் சாவி கொடுப்பதற்கு முன்பே சோதித்துவிட வேண்டும். அதுவரைதான் கட்டியவர் பொறுப்பு என்று விதியிலேயே எழுத வேண்டும்.